ஈறைக் கரைப்பது யார்? நேயர் கேள்விக்கு ஒரு பதில்

போன வாரப் பதிவைப் பார்த்த நேயர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஈறு நோய்க்குக் கிருமிதான் காரணம் என்கிறீர்கள். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போட்டுக் கிருமியைக் கொன்றுவிட்டால் போதாதா? எதற்குப் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. நியாயமான கேள்வி.

முன்பே சொன்னதுதான், திரும்பவும் சொல்கிறேன். பல் சொத்தையில் கிருமி உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கிறது. ஈறு நோயில் கதை வேறு. அங்கே தீ வைப்பது கிருமி. வீட்டை எரிப்பது பெரும்பாலும் நம் உடம்பு.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் உண்டு. நல்ல ஈறில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை அதில் மெதுவாக இறக்கிப் பார்ப்போம். நல்ல ஈறு என்றால் ஒன்றும் நடக்காது. அழற்சி, அதாவது கிருமியை எதிர்த்து ஈறு சிவந்து வீங்குவது, இருந்தால், கம்பியை எடுத்துச் சில நொடிகளில் ஈறின் விளிம்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்புத் துளி எட்டிப் பார்க்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தத் துளியில் என் கண் நின்றுவிடும். உள்ளே சண்டை நடக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சண்டையில் ஒரு கிருமியைத் தனியாகச் சொல்ல வேண்டும்: போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ். இது சர்க்கரையை நம்பி வாழ்வதில்லை. இதற்கு வேண்டியது புரதத் துணுக்குகளும் இரத்தத்தில் இருக்கும் இரும்பும். இரண்டும் எப்போது தாராளமாகக் கிடைக்கும்? ஈறு வீங்கி, நீர் கசிந்து, இரத்தம் வரும்போது. அதாவது அழற்சிதான் இதற்குச் சாப்பாடு. அதனால் அழற்சியை அணையவும் விடாது, தன்னைக் கொல்லவும் விடாது.

எப்படி என்று கேட்டால், முதலில் ஈறின் செல்கள் வெள்ளை அணுக்களைக் கூப்பிட அனுப்பும் சமிக்ஞையை அமுக்கிப் பார்க்கும். அப்புறம் ஜிஞ்ஜிபெயின் என்ற நொதியால் நம்முடைய சி5 என்ற தற்காப்புப் புரதத்தை வெட்டும். வெட்டிய துண்டு வெள்ளை அணுவின் மேல் போய் ஒட்டும்போது, அதே அணுவில் கிருமி தூண்டிவிட்ட இன்னொரு ஏற்பியும் (அணுவின் மேல் இருந்து சமிக்ஞையை வாங்கும் புரதம்) சேர்ந்துகொள்ள, கொல்லும் திறன் முடங்குகிறது. வீக்கத்தை உண்டாக்கும் வேலை மட்டும் தொடர்கிறது. படை வந்து நிற்கிறது, எதிரியை அடிக்கவில்லை, சுற்றியிருக்கும் திசுவைச் சேதப்படுத்துகிறது. நாள்பட்டால் எலும்பைக் கரைக்கும் நம் சொந்தச் செல்களே தூண்டப்பட்டுப் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு குறைகிறது.

2011-இல் எலிகளில் செய்த ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. இந்தக் கிருமியை மிகச் சிறிய அளவில் வாயில் விட்டதுமே மற்றக் கிருமிகள் பெருகின, எலும்பு கரைந்தது. வேறு கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில் இதை மட்டும் விட்டபோது எலும்பு கரையவில்லை. ஊரோடு சேர்ந்தால்தான் இதற்குப் பலம். எண்ணிக்கையில் கொஞ்சம், காரியத்தில் பெரிது.

அப்படியானால் வெள்ளை அணுக்கள்தான் வில்லனா என்று கேட்டுவிடாதீர்கள். அவை ஈறுக்கு வந்து சேரவே முடியாத அரிய பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு. அந்தக் கோளாறு உள்ளவர்களுக்குச் சின்ன வயதிலேயே ஈறு நோய் கடுமையாகிப் பற்கள் விழுந்துவிடுகின்றன. படையும் வேண்டும், அளவும் வேண்டும்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். பல்லில் படியும் படலத்துக்குள் கிருமிகள் பிசினில் புதைந்த மாதிரி கூட்டமாக இருக்கின்றன. மருந்து உள்ளே சரியாகப் போய்ச் சேராது. மிஞ்சியவை சில நாளில் திரும்பப் பெருகும். கையால் எடுக்காமல் அந்தப் படலம் போகாது. சிலருக்குச் சுத்தம் செய்வதோடு சேர்த்து மாத்திரையும் தருவோம்; அதற்குப் பதிலாகத் தருவதில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட கேள்வி வேறு: "இரத்தம் வருகிற இடத்தில் துலக்கலாமா?" 1965-இல் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னது. 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் பத்து நாளில் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. எலும்பு குறைவதற்கு முன்னால் இது முழுக்கத் திரும்பக்கூடியது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலர், இரத்தத்தைப் பார்த்துப் பயந்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாதக்கணக்கில் தொடாமல் விட்டிருப்பார்கள். அங்கேதான் கம்பி 6 மில்லிமீட்டர் இறங்கும்.

துலக்குங்கள். மென்மையான பிரஷ், ஈறின் விளிம்பில், அழுத்தாமல். இரண்டு வாரம் கழித்தும் இரத்தம் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரிடம் போய் அந்தப் பள்ளத்தின் ஆழத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். புகை பிடிப்பவர்கள் இரத்தம் வருகிறதா என்று காத்திருக்கவே வேண்டாம். புகை அந்த இரத்தக் கசிவைக் குறைத்துவிடும், நோய் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.