இருபது வளைவுக்கு எத்தனை பக்கம்?

வணக்கம் நேயர்களே.

ஈ தன் பெயரை மறந்துபோன கதை உங்களுக்குத் தெரியும். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈக்குத் தன் பெயர் மறந்துவிட்டது. கன்றுக்குட்டியிடம் போய்க் கேட்டது, அதற்குத் தெரியவில்லை. அடுத்து கன்றையும் கன்றின் தாயையும் சேர்த்துக் கூப்பிட்டுக் கேட்டது. அப்புறம் கன்று, தாய், தாயை மேய்க்கும் ஆயன். அப்புறம் கன்று, தாய், ஆயன், ஆயன் கையிலிருக்கும் கோல். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒருவர் கூடுவார். ஆனால் முதலிலிருந்து எல்லோரையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒருவரை விட்டுவிட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் நாலு வயதுப் பிள்ளை விடாது. "பாட்டி, ஆயனை விட்டுட்டீங்க!" என்று பிடித்துக்கொள்ளும்.

கணினிக்கு நிரல், அதாவது அது என்ன செய்யவேண்டும் என்று படிப்படியாகச் சொல்லும் கட்டளைகள், எழுதுகிறவர்கள் தினமும் செய்கிற வேலை இதுதான். ஒரு பட்டியல் வைத்துக்கொள்வார்கள். அதன் கடைசியில் ஒன்றைச் சேர்ப்பார்கள். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். தேடியது கிடைத்ததும் நிறுத்துவார்கள். கதையில் குதிரை 'ஈ' என்று கனைத்ததும் ஈக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது, கதையும் நின்றுவிடுகிறது. ஆயனை விட்டுவிட்டீர்கள் என்று கண்டுபிடித்த பிள்ளை, பிழை திருத்துகிற வேலையை ஏற்கெனவே செய்துவிட்டது.

சேலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் கணினி அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது மாலை நேரங்களில் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய வாசிப்பறையில் குழந்தைகளோடு படப்புத்தகம் படிக்கிறேன். இந்த இரண்டு வேலையையும் செய்து பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றும் ஒன்றைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு நிரல் எழுதுவதில் ஆசை வரவேண்டும் என்றால் கணினி வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். ஒரு படப்புத்தகமும், பக்கத்தில் உட்கார்ந்து "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்க ஒரு பெரியவரும் போதும்.

ஏன் படப்புத்தகம்? பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கிறதே, அதற்காகத்தான். அந்த நொடியில் பிள்ளை ஒன்றை ஊகிக்கிறது. திருப்பியதும் ஊகம் சரியா தப்பா என்று தானே பார்த்துவிடுகிறது. தப்பாக இருந்தால் பழைய பக்கத்துக்குப் போகும். "இங்கேயே பூனை வாலு தெரியுது பாருங்க, நான்தான் கவனிக்கல" என்று விரல் வைத்துக் காட்டும். திரையில் ஓடும் விளையாட்டு பிள்ளையின் வேகத்துக்குக் காத்திருப்பதில்லை. நட்சத்திரம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். புத்தகம் காத்திருக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் பின்னால் போக விடும்.

இன்னொன்றும் உண்டு. நல்ல படப்புத்தகத்தில் எழுத்து ஒன்று சொல்லும், படம் வேறொன்று காட்டும். 'வீட்டில் யாருமே இல்லை' என்று எழுத்து சொல்லும்போது, கட்டிலுக்கு அடியில் இரண்டு கண்கள் தெரியும். பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிப்பதில் அவ்வளவு ஆனந்தம். எழுதியிருப்பதற்கும் நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடும் அந்தக் கண்தான் நிரலாளருக்கு வேண்டிய கண்.

இந்த எண்ணம் எனக்கு மட்டும் வந்ததல்ல. பின்லாந்தில் லிண்டா லியூகாஸ் என்ற நிரலாளர், குழந்தைகளுக்கு நிரல் பற்றி ஒரு படப்புத்தகம் போட 10,000 டாலர் வேண்டும் என்று 2014-இல் இணையம் வழியாகப் பொதுமக்களிடம் கேட்டார். 3,80,000 டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு 'ஹலோ ரூபி' வெளிவந்தது. ரூபி என்ற சிறுமி, அப்பா ஒளித்துவைத்த ஐந்து ரத்தினங்களைத் தேடிப் போகும் கதை அது. கதை முடிந்த பிறகு வரும் பயிற்சிகளுக்கும் காகிதமும் பென்சிலும் போதும்.

அதற்கும் பல ஆண்டுகள் முன்னால், 1967-இல், அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் அவரோடு சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்சைக் போன்றவர்களும் சேர்ந்து குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். பிறகு அதில் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. 'முன்னால் 50', 'வலப்பக்கம் 90' என்று சொன்னால் ஆமை நகர்ந்து கோடு போடும். ஆமை எப்படித் திரும்பும் என்று பிள்ளைக்குப் புரியவில்லையா? எழுந்து நின்று நீயே ஆமையாக நடந்து பார் என்பார் பேப்பர்ட். உடம்பால் நடந்து பார்த்தது பிள்ளைக்கு மறக்காது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். எங்கள் வாசிப்பறையில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போவதை நாமே ஒரு படப்புத்தகமாகச் செய்யலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். நோட்டுத் தாளை மடித்து நடுவில் தைத்தால் புத்தகம் தயார். பஸ் ஸ்டாண்ட் ஒரு பக்கம், அடிவாரம் ஒரு பக்கம். அதற்கு மேல் மலை. மலை என்றால் 20 கொண்டை ஊசி வளைவு, உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஏறும்போது எண்ணிக்கொண்டே போகாத பிள்ளை யார்?

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வளைவு ஒன்று, வளைவு இரண்டு என்று வரைய ஆரம்பித்தாள். நான்காவது வளைவில் கை வலித்துவிட்டது. "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு? ஒரு பக்கம் வரைஞ்சிட்டு, இதையே இருபது தடவை படின்னு கீழே எழுதிடலாமே" என்றாள்.

நேயர்களே, மேல்நிலை வகுப்பில், ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் 'மடக்கு' என்ற பாடத்தை வரையறையோடு மனப்பாடம் செய்து எழுதும் மாணவர்களைப் பார்த்தவன் நான். அதே விஷயத்தை ஏழு வயதுப் பிள்ளை கை வலியிலிருந்து கண்டுபிடித்தாள்.

அதோடு முடியவில்லை. பக்கத்திலிருந்த பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே பக்கமா திரும்பிட்டே இருந்தா பஸ் சுத்திச் சுத்தி அதே இடத்துலதான் நிக்கும்" என்றான். சொன்னதோடு நிற்காமல் எழுந்து நடந்தும் காட்டினான். வலது, வலது, வலது என்று சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றான். அப்படியானால் புத்தகத்தில் இரண்டு பக்கம் வேண்டும். ஒன்றில் இடப்பக்க வளைவு, ஒன்றில் வலப்பக்க வளைவு. இப்போது இந்த இரண்டு பக்கத்தையும் எத்தனை தடவை படிப்பது? இருபது என்று ஒரு குரல். "அப்போ நாப்பது வளைவு ஆயிடும்" என்று இன்னொரு குரல். விரல் விட்டு எண்ணிப் பத்து என்று முடிவுக்கு வந்தார்கள். வளைவுகள் உண்மையாகவே இடமும் வலமுமாக மாறி மாறித்தான் வருகின்றனவா என்று அடுத்த முறை மலையேறும்போது உங்கள் பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவைத்துக் குறித்துவரச் சொல்லுங்கள்.

அப்புறம் குரங்கு வந்தது. ஏற்காட்டுச் சாலையை வரைந்துவிட்டுக் குரங்கை விட முடியுமா? ஆனால் எல்லா வளைவிலும் குரங்கு இருக்காதே. அதனால் ஒரு பக்கம் சேர்ந்தது: 'குரங்கு தெரிகிறதா? தெரிந்தால் ஜன்னலை மூடு. தெரியாவிட்டால் அடுத்த வளைவுக்குப் போ.' நிரலில் நிபந்தனை என்று சொல்வது இதுதான்.

புத்தகம் முடிந்ததும், செய்தவர்களே படிக்கக் கூடாது, செய்யாத ஒருவர்தான் படிக்கவேண்டும் என்றேன். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விரல் வைத்து, எழுதியிருப்பதை மட்டும் அப்படியே செய்துகொண்டே போனாள். மூன்றாவது வளைவில் குரங்கு வந்தது என்று வைத்துக்கொண்டு ஜன்னலை மூடினாள். மலை உச்சி வந்தது, ஏரி வந்தது, ஜன்னல் இன்னும் மூடியே இருக்கிறது. "யாரு திறக்கிறது?" என்று கேட்டாள். அறையே அமைதியாகிவிட்டது. திறக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை! அதற்குப் பிறகு அவர்கள் திருத்திய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தப்பு வந்துவிட்டதே என்று ஒரு பிள்ளையும் முகம் சுளிக்கவில்லை. இன்னும் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மாலை முழுவதும் கணினி என்ற சொல்லை நானும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு உரிமையும் இருக்கிறது. அம்மாப்பேட்டை, குகை, இளம்பிள்ளை என்று நம்மைச் சுற்றித் தறிகள். ஜக்கார்டு வைத்த தறியைப் பார்த்திருப்பீர்கள். தலைக்கு மேலே பெட்டி, அதில் சங்கிலிபோல் கோத்த அட்டைகள், அட்டை முழுக்க ஓட்டைகள். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், மேலே எழும். ஓட்டை இல்லாத இடத்தில் நூல் எழாது. நூலைச் சுமந்து நாடா குறுக்கே ஓடும், ஊடை என்கிற குறுக்கு நூல் ஒன்று விழும். அடுத்த அட்டை வரும். பூவும் மாங்காயும் அன்னமும் சேலைக் கரையில் வருவது இப்படி, அட்டை அட்டையாகத்தான்.

பிரான்ஸில் லியோன் நகரத்து ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டு வாக்கில் கொடுத்த ஏற்பாடு இது. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட கணக்கிடும் எந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க இந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார். ஏடா லவ்லேஸ் அம்மையார் 1843-இல் அந்த எந்திரத்தைப் பற்றி எழுதும்போது, ஜக்கார்டு தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல் இது கணிதக் கோலங்களை நெய்கிறது என்று எழுதினார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் ஓட்டையிட்ட அட்டைகளை வைத்துத்தான் எண்ணினார். கணினிகள் வந்த பிறகும் வெகுகாலம் நிரல்களை அட்டையில் ஓட்டை போட்டே உள்ளே அனுப்பினார்கள்.

நினைத்துப் பாருங்கள். நம் ஊர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, கணினியின் மூதாதையோடு ஒரே கூரையின் கீழ் தூங்கி எழுகிறது! அதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. கணினி என்றால் பெங்களூருக்குப் போய்ப் பார்க்கவேண்டிய ஒன்று என்று நினைத்தே வளர்கிறது. ஒரு சேலத்துத் தறி வீட்டை வைத்து யாராவது ஒரு படப்புத்தகம் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஓர் அட்டை தொலைந்துபோகிறது, சேலைக் கரையில் அன்னத்துக்குக் கழுத்து வெட்டுப்பட்டு நிற்கிறது. எந்த அட்டை தொலைந்தது என்று அந்த வீட்டுப் பெண்குழந்தை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். ஓவியம் வரையத் தெரிந்த நேயர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதை எடுத்துக்கொள்ளுங்கள். தறிப் பேச்சு வீட்டில் எப்படியோ அப்படியே எழுதுங்கள். பாவு பாவாகவும் நாடா நாடாவாகவும் இருக்கட்டும்.

வீட்டில் செய்துபார்க்க ஒன்று சொல்கிறேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுங்கள். ஒரு வரி ஓர் அட்டை. நீங்கள் "ஓட்டை, ஓட்டை, இல்லை, ஓட்டை" என்று வாசியுங்கள். ஓட்டைக்குப் பிள்ளை கட்டத்தை நிறம் தீட்டட்டும், இல்லை என்றால் விட்டுவிடட்டும். எட்டு வரி முடிந்ததும் ஒரு பூ தெரியும்படி நீங்கள் முன்கூட்டியே குறித்துவைத்திருக்க வேண்டும். அடுத்த நாள் பிள்ளையே அட்டை எழுதி உங்களை வரையச் சொல்லும். அப்போது நீங்கள் எழுத்துப் பிசகாமல் சொன்னதை மட்டும் செய்யவேண்டும். உங்கள் ஊகத்தைக் கலந்து உதவி செய்யாதீர்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை வருகிறது. புள்ளிக் கோலத்தைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமனியும் அவரோடு ராணி சிரோமனி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் 1974-லேயே கோலம் போடும் விதிகளைக் கணினி இலக்கணமாக வகுத்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அதை விரித்துச் சொல்ல இன்று இடமில்லை.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. அச்சிட்டும் கொள்ளலாம். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன, ஆசிரியரிடம் கேளுங்கள். கணினியைப் பற்றிய புத்தகமாகத்தான் இருக்கவேண்டும் என்று தேட வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சி உள்ள கதை, ஏதோ ஒன்று தப்பாகப் போய்ச் சரியாகிற கதை, எழுத்தே இல்லாமல் படம் மட்டும் உள்ள கதை, இவற்றில் ஒன்றை எடுங்கள். படிக்கும்போது இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: அடுத்து என்ன ஆகும்? அது உனக்கு எப்படித் தெரியும்? பதில் வரும்வரை பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

நன்றி. வணக்கம்.