ஒரு படி புளியங்கொட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

மாசி பிறந்துவிட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வீட்டு வாசல்களில் புளி வந்து குவியும். மரங்களை ஏலம் எடுத்தவர்கள் கிளைகளை உலுக்கி, மூட்டை கட்டி, வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள்; பெண்கள் திண்ணையிலும் மரநிழலிலும் வட்டமாக உட்கார்ந்து, ஓட்டைத் தட்டி நீக்கி, நாரை உருவி, கொட்டையைப் பிரித்தெடுத்து, எடைக்குக் கூலி வாங்குவார்கள். பள்ளி விடுமுறை தொடங்கும் நேரத்தில் புளி சந்தைக்குப் போயிருக்கும். மூலையில் ஒரு சாக்குக் கொட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். அதற்கும் விலை உண்டு, மாவாக அரைத்து நூலுக்குக் கஞ்சி போடுகிறார்கள். ஆனாலும் பிள்ளைகள் ஒரு படி அள்ளிக்கொண்டால் எந்த வீட்டிலும் ஏன் என்று கேட்டதில்லை. எங்கள் கோடை விடுமுறையில் பாதி அந்த ஒரு படிக்குள் அடங்கியிருந்தது.

சென்ற கோடையில் பெங்களூரிலிருந்து என் பேரன் வந்திருந்தான். பத்து வயது. முதல் இரண்டு நாள் கைப்பேசியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவன், மூன்றாம் நாள் நான் திண்ணைப் படியில் புளியங்கொட்டையை உரசிக்கொண்டிருந்ததைப் பார்த்து அருகில் வந்து உட்கார்ந்தான். கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டான் என்பது என் எண்ணம். கொட்டையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் பழுப்புத் தோல் போய் உள்ளே இருக்கும் வெண்மை தெரியும். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சுடும். சூடேறிய கொட்டையை அவன் முழங்கையில் சட்டென்று வைத்தேன். அலறிவிட்டுச் சிரித்தான். அடுத்த கால் மணி நேரத்தில் அவனுடைய பாட்டி, அத்தை, பால் ஊற்ற வந்தவர் என்று வீட்டில் ஒருவர் கையும் தப்பவில்லை.

ஆறு கொட்டைகள் தேறியதும் கரித்துண்டால் திண்ணையில் கட்டம் போட்டுத் தாயம் ஆடினோம். ஆறையும் குலுக்கிப் போடும்போது ஒன்று மட்டும் வெள்ளையாக விழுந்தால் தாயம். அது விழுந்தால்தான் காய் இறங்கும். ஆறும் வெள்ளையானால் ஆறு, ஒன்றுகூட வெள்ளை இல்லாமல் எல்லாம் கறுப்பாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றில் எது விழுந்தாலும் மறுபடி போடலாம். பன்னிரண்டு ஏன் இத்தனை அரிதாக விழுகிறது என்று இரண்டாம் நாள் கேட்டான். இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால், ஆறு கொட்டைகள் விழக்கூடிய வகைகள் மொத்தம் 64. அவற்றில் தாயத்துக்கு 6 வகை, பன்னிரண்டுக்கு ஒரே ஒரு வகை. இதை நான் சொல்லவில்லை. அவனே தாளும் பென்சிலும் எடுத்து ஒரு பிற்பகல் முழுவதும் எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்தான். பணம் கட்டிச் சேர்க்கும் கோடைப் பயிற்சி வகுப்புகளை நான் பழிக்கவில்லை. ஆனால் அந்தப் பிற்பகலில் அவனை யாரும் உட்கார வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பல்லாங்குழிக்குப் பலகை இல்லை. களத்து மண்ணை நனைத்து, பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி தோண்டி, குழிக்கு ஐந்தாக எழுபது கொட்டைகளை எண்ணிப் போட்டோம். வெறுங்குழியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நான்காகும்போது அது 'பசு'. உரியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். பாட்டி இதில் சிறிதும் இரக்கம் காட்டுவதில்லை. பேரன் என்றும் பார்க்காமல் பசுக்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நுங்கு வண்டியும் செய்தோம். மூன்று கண் நுங்கையும் தின்றபின் மிஞ்சும் வெறுங்காய்கள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கோலால் தள்ளினால் வண்டி. அது ஓடுவதைவிடக் கவிழ்வதே அதிகம். கிணற்று நீச்சல் மட்டும் கைகூடவில்லை. நான் நீந்தக் கற்ற கிணறு வறண்டு கிடக்கிறது. நீர் உள்ள கிணற்றிலும் அணையிலும் ஆற்றிலும், நீந்தத் தெரிந்த பெரியவர் கூடவே இறங்காமல் பிள்ளைகளை விடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

இரவுகளுக்குக் கூத்து இருந்தது. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதம் நடக்கிறது. பகலில் சொற்பொழிவு, இரவெல்லாம் தெருக்கூத்து, நிறைவில் துரியோதனன் படுகளம். அர்ச்சுனன் தபசு அன்று, உயர்ந்த மரத்தின் மீது ஏறிப் பாடுகிறவரைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவன், நள்ளிரவுக்குள் என் மடியில் தூங்கிவிட்டான். படுகளத்தன்று மட்டும் விழித்தே இருந்தான். மண்ணால் செய்து தரையில் கிடத்திய அந்தப் பேருருவின் தொடையில் பீமன் அடிக்கும்போது என் கையை இறுகப் பற்றிக்கொண்டான். மறுநாள் காலை எங்கள் தெருவில் நான்கு துரியோதனன்கள் படுத்துக் கிடந்தார்கள். பீமனாவதற்கு ஒருவரும் முன்வரவில்லை, ஏனென்றால் விழுந்து புரண்டு அலறுகிற வேடத்தில்தான் சுவை அதிகமாம்.

ஊருக்குப் புறப்படும்போது அந்த ஆறு கொட்டைகளையும் பென்சில் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனான். போன மாதம் தொலைபேசியில் அழைத்தான். ஒரு கொட்டை தொலைந்துவிட்டதாம். மிச்சமுள்ள ஐந்தும் கறுப்பாக விழுந்தால் பன்னிரண்டாகக் கணக்கில் கொள்ளலாமா என்று கேட்டான். செல்லாது என்று பாட்டி பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னாள். இந்த ஆண்டுப் புளியில் ஒரு படி கொட்டையை அவனுக்காகத் துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறோம்.

வணக்கம்.