பெரம்பூர்ப் பெட்டியை 87-ல் ஒரு பங்காகக் கட்டுவது

நேயர்களுக்கு வணக்கம். பெரம்பூரில் ரயில் பெட்டிகள் செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-ல் தொடங்கப்பட்டது. நாமெல்லாம் ஏறி இறங்கிய அந்தப் பழைய வடிவப் பெட்டியின் தயாரிப்பு 2018-ல் நின்றுவிட்டது. மிச்சமிருப்பவையும் ஒவ்வொன்றாக ஓட்டத்திலிருந்து விலகி வருகின்றன. அளந்து பார்க்கவும் படம் எடுக்கவும் பெட்டிகள் கண்ணில் படும் இந்தக் காலத்திலேயே அதை மாதிரியாகக் கட்டிவிட வேண்டும். ஹெச்.ஓ. அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காக, ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு பெட்டி கட்டும் முறையை இன்று சொல்கிறேன்.

அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் மில்லிமீட்டரில். நிஜப் பெட்டியின் உடல் நீளம் 21,337, மாதிரியில் 245. அகலம் 3,245, மாதிரியில் 37.3. போகி என்று நான் சொல்வது பெட்டியை அல்ல, பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டகத்தை. முன் போகி, பின் போகி இரண்டின் மையங்களுக்கு இடையே 14,783, மாதிரியில் 170. ஒரு போகியின் இரண்டு அச்சுகளுக்கு இடையே 2,896, மாதிரியில் 33.3. சக்கரத்தின் விட்டம் 915, மாதிரியில் 10.5. கடைசி எண் நமக்கு ஒரு வரம். அமெரிக்காவின் 36 அங்குலச் சக்கரத்துக்கான ஹெச்.ஓ. சக்கரமும் 10.5 மில்லிமீட்டர்தான். எனவே சக்கரத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தில்தான் சிக்கல். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.3. விற்பனையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளமோ 16.5. சரியான 19.3 வேண்டுமென்றால் தண்டவாளம், பாயிண்ட் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்), இன்ஜினின் அச்சு எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும். முதல் பெட்டிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. 16.5-லேயே கட்டுங்கள். ஆனால் அகலமான உடல் ஒடுக்கமான தடத்தில் நிற்கப்போகிறது, அதனால் எடை கீழே இருந்தாக வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கட்டும் முன்னே உங்கள் வளைவுகளையும் கணக்கிடுங்கள். 438 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில் இந்தப் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாக 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஒதுங்கும். முனைகள் வெளிப்பக்கமாக ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் தள்ளும். நடைமேடையோ பக்கத்துத் தடமோ நெருக்கமாக இருந்தால் உரசும். ஆரத்தை 600-ஆகக் கூட்டினால் நடுவின் ஒதுக்கம் 6 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும்.

இனி போகி. பலரும் ஜன்னல் வெட்டுவதில்தான் ஆசையாகத் தொடங்குகிறார்கள். போகியில் தொடங்குங்கள். பெட்டி ஓடுமா, தடம் புரளுமா என்பது அங்கேதான் முடிவாகிறது. பக்கச் சட்டத்தை 1 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டிச் செய்யலாம். அச்சின் கூர்முனைகள் உட்காரும் இடத்தில் சிறிய பித்தளைத் தாங்கிகளைப் பதியுங்கள். வெறும் பிளாஸ்டிக் குழியில் கூர்முனை நாளடைவில் தேய்த்துத் தேய்த்துப் பள்ளத்தைப் பெரிதாக்கும். பெட்டி ஒரு பக்கம் சாயும். இரண்டு பக்கச் சட்டங்களையும் ஒட்டும்போது சக்கரங்களை உள்ளே வைத்து, கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி ஒட்டுங்கள். நான்கு சக்கரமும் கண்ணாடியைத் தொட வேண்டும். ஒன்று தூக்கி நின்றாலும் பாயிண்டில் அதுதான் முதலில் ஏறும்.

சக்கரங்களின் உட்பக்க இடைவெளியைக் காலிப்பரால் அளந்து பாருங்கள், 14.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் பாயிண்டில் சக்கரத்துக்கு வழிகாட்ட உள்பக்கம் வைத்திருக்கும் காப்புத் தண்டவாளத்தில் உள்விளிம்பு முட்டும். கூடினால் தண்டவாளத்துக்குள்ளேயே இறுகும். உலோகச் சக்கரமாக இருந்தால் ஒரு பக்கமாவது அச்சிலிருந்து மின்காப்புச் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகிவிடும்.

போகியை உடலோடு திருகும்போது ஒரு நுணுக்கம். ஒரு போகி இடமும் வலமும் திரும்பலாம். பக்கவாட்டில் ஆடக் கூடாது. மற்றொன்று திரும்பவும் வேண்டும், பக்கவாட்டில் கொஞ்சம் ஆடவும் வேண்டும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிறதல்லவா, அதே கணக்கு. இரண்டையும் இறுக்கினால் தடத்தின் சின்ன மேடுபள்ளத்திலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். இரண்டையும் தளர்த்தினால் பெட்டி படகாக ஆடும்.

எடைக்கு அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் விதி நல்ல வழிகாட்டி. அடிப்படையாக 28 கிராம், அதன் மேல் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 14 கிராம். 245 மில்லிமீட்டர் பெட்டிக்கு இது ஏறக்குறைய 165 கிராம். இரும்பு வாஷர்களைத் தரையோடு ஒட்டி, இரு முனைகளுக்கும் சமமாகப் பிரித்து வையுங்கள். கூரைக்கு அருகே ஒரு கிராம்கூட வேண்டாம். ஈயம் சின்ன இடத்தில் நிறைய எடை தரும், ஆனால் நச்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வாஷரே போதும். எடையைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு. 10 பெட்டி என்றால் 1,650 கிராம். 100-க்கு 2 ஏற்றத்தில் அந்தச் சுமையின் பின்னிழுப்பு மட்டும் 33 கிராம் விசை, உராய்வு தனி. இத்தனையையும் இன்ஜின் இழுக்க வேண்டும்.

பக்கச் சுவருக்கு 1 மில்லிமீட்டர் தகடு. ஐ.சி.எஃப். ஜன்னலின் மூலைகள் வளைந்தவை. எனவே முதலில் நான்கு மூலையிலும் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, பிறகு துளைக்குத் துளை கத்தியால் பலமுறை லேசாகக் கீறி எடுங்கள். அழுத்தி ஒரே கீறலில் வெட்டினால் மூலையிலிருந்து விரிசல் ஓடும். ஒட்டுவதற்குக் கரைப்பானை, அதாவது பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டவைக்கும் திரவத்தை, தூரிகை நுனியால் இணைப்பில் தொட்டால் போதும், அதுவே உள்ளே பரவும். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள், அந்த ஆவி நல்லதல்ல. இரண்டு தகட்டை அகலமாக ஒன்றின் மேல் ஒன்று ஒட்டும்போது உள்தகட்டில் சில துளைகள் விடுங்கள். அடைபட்ட கரைப்பான் வெளியேற வழியில்லாமல் பல நாள் கழித்துச் சுவரை வளைத்துவிடும்.

கூரைக்கு 0.5 மில்லிமீட்டர் தகட்டை, வேண்டிய வளைவைவிடச் சற்றுச் சிறிய குழாயில் சுற்றி, டேப்பால் கட்டி, கொதிநீரை ஊற்றி, அப்படியே ஆறவிடுங்கள். கழற்றியதும் கொஞ்சம் விரிந்துகொடுக்கும். சிறிய குழாய் எடுத்தது அதற்காகத்தான்.

பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளரை எதில் பொருத்துவது என்பது உங்கள் வளைவைப் பொறுத்தது. 600-க்கு மேல் ஆரம் இருந்தால் உடலில் பொருத்துங்கள், ரயிலைப் பின்னோக்கித் தள்ளும்போதும் பெட்டிகள் புரளாது. 438 போன்ற இறுக்கமான வளைவில் உடலின் முனை வெகுதூரம் வெளியே போவதால் பக்கத்துப் பெட்டியை இழுத்துத் தள்ளிவிடும். அங்கே போகியில் பொருத்துவதுதான் வழி. பின்னோக்கித் தள்ளும்போது மெதுவாகப் போக வேண்டும். பெட்டி முனையில் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் பக்க பஃபர்கள் ஒன்றோடொன்று சிக்காதபடி கப்ளர் நீளம் இருக்கட்டும். எஸ் வடிவ வளைவில் சோதித்துவிடுங்கள்.

இந்தச் சோதனையைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே முடிக்க வேண்டும். 50 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவில் பெட்டி தானாக உருள வேண்டும். உருளாவிட்டால் தாங்கியில் இறுக்கம் இருக்கிறது. பெட்டியைப் பாயிண்டில் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, எங்கே தட்டுகிறது என்று விரல் நுனியில் உணருங்கள்.

பெயின்ட் பற்றிச் சுருக்கமாக. பிரைமர், அதன் பின் வெளிர் நிறம், கடைசியில் அடர் நிறம். மாஸ்கிங் டேப் ஒட்டியபின் விளிம்பின் மேல் வெளிர் நிறத்தையே மெலிதாக ஒருமுறை தெளித்துவிட்டு, பிறகு அடர் நிறத்துக்குப் போனால் கோடு கசியாது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் லாக்கர் வகைப் பெயின்ட் தெளிக்காதீர்கள். காற்றின் ஈரம் படிந்து மேற்பரப்பு வெளுத்துவிடும். ஜன்னல் கம்பிகளுக்கு, தெளிவான பிளாஸ்டிக் தகட்டில் ஊசியால் கோடு கீறி, சாம்பல் பெயின்டைத் தேய்த்து, உடனே துணியால் துடைத்தெடுங்கள். கீறலுக்குள் மட்டும் நிறம் நிற்கும். இந்தத் தகட்டைப் பெயின்ட் முழுவதும் காய்ந்தபிறகு உள்ளிருந்து பொருத்துங்கள். கூரையை ஒட்டாமல் இரண்டு சிறு திருகாணிகளால் நிறுத்துங்கள். எடையைச் சரிசெய்யவோ, பின்னால் விளக்கு வைக்கவோ, விழுந்த ஜன்னல் தகட்டைத் திரும்ப ஒட்டவோ கை உள்ளே போக வேண்டியிருக்கும். நன்றி, வணக்கம்.