ஜா பிளேட்டுக்கு எந்த ராடு?

வணக்கம் நேயர்களே. வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவர்களும், உடைந்த உருப்படியைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேசுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கல் கிரஷரில் இருந்து, கல்லைக் கடித்து நொறுக்கும் தாடைத் தகடான ஜா பிளேட் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. ஓரத்தில் சாண் நீளத்துக்குக் கிராக். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்த இடத்திலேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு கனமான இரும்பில் கார்பன் நிறைய இருக்கும், நன்றாகச் சூடேற்றித்தான் ஓட்ட வேண்டும் என்று முடிவு கட்டி, கேஸ் பர்னரில் அரை மணி நேரம் காய்ச்சி, கையில் இருந்த 7018 ராடை, அதாவது சாதா இரும்புக்கான வெல்டிங் குச்சியை, ஓட்டினேன். பீடு, அதாவது வெல்டு வரி, அழகாகத்தான் விழுந்தது. ஆறும்போதே டிக் டிக் என்று சத்தம். மறுநாள் சம்மட்டியால் ஒரு தட்டு தட்டியதும் வெல்டுக்குப் பக்கத்திலேயே விண்டுபோனது.

அது மாங்கனீஸ் ஸ்டீல். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் 1882-ல் கண்டுபிடித்தது; ரயில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடங்களிலும் இதைத்தான் போடுகிறார்கள். சுமார் 12, 13 சதவீதம் மாங்கனீஸ், 1 சதவீதத்துக்கு மேல் கார்பன். வார்த்த பிறகு 1000 டிகிரிக்கு மேல் சூடேற்றி, சட்டென்று தண்ணீரில் முக்குவார்கள். கார்பன் முழுவதும் உள்ளேயே கரைந்து நிற்பதால்தான் அது உடையாமல் அடி தாங்குகிறது, அடி வாங்க வாங்க மேல்பரப்பு இறுகிக்கொண்டே போகிறது. அதைத் திரும்பக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டால் கரைந்த கார்பன் கார்பைடு என்ற கடினமான சேர்மமாக வெளியே வந்து, உலோகத்தின் நுண்மணிகளின் ஓரமெல்லாம் படிந்துவிடும். அப்புறம் அது கண்ணாடி மாதிரி. நான் செய்த முதல் தப்பு அது. இரண்டாவது தப்பு ராடு: 7018 உருகும்போது ஜா பிளேட்டின் மாங்கனீஸும் கார்பனும் அதில் பாதியும் குறையுமாகக் கலந்து, மாங்கனீஸ் ஸ்டீலாகவும் இல்லாமல் சாதா இரும்பாகவும் இல்லாமல், மார்ட்டென்சைட் என்ற, இறுகி நொறுங்கக்கூடிய அமைப்பாக மாறிவிட்டது.

எந்த உலோகத்துக்கு ராடு தேடினாலும் நான் இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். ராடில் என்ன இருக்கிறது என்பது சரி, பேஸ் மெட்டலோடு, அதாவது ஒட்டப்படும் உலோகத்தோடு, கலந்து உறைந்த பிறகு அங்கே என்ன இருக்கும்?

ஸ்டெயின்லெஸை எம்.எஸ். எனும் சாதா இரும்போடு சேர்க்கும்போது இதைக் கணக்காகவே போடலாம். எம்.எஸ். பக்கம் விழும் முதல் ஓட்டத்தில் 30 சதவீதம் எம்.எஸ். உருகிக் கலக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 308 என்ற ஸ்டெயின்லெஸ் ராடில் குரோமியம் சுமார் 20 சதவீதம், நிக்கல் சுமார் 10. கலந்தால் 14-ம் 7-ம் ஆகி, இறுகிக் கிராக் விடும் இடத்துக்குப் போய்விடும். 309-ல் குரோமியம் 24, நிக்கல் 13 அளவில் இருப்பதால், இறங்கின பிறகும் கிட்டத்தட்ட 17-ம் 9-ம் மிஞ்சுகிறது. 304 வகை ஸ்டெயின்லெஸுக்கு 308 பொருத்தம் என்று படித்துவிட்டு அதையே இங்கேயும் போட்டால் ஆபத்து.

2205 டூப்ளக்ஸ் என்ற ஸ்டெயின்லெஸ் வகை கொஞ்சம் வேறு கதை. தகட்டில் நிக்கல் 5 சதவீதம், அதற்குரிய 2209 ராடில் 9. தகட்டைத் தயாரிப்பவர்கள் வெப்பத்தைப் பக்குவமாகக் கொடுத்து ஃபெரைட், ஆஸ்டெனைட் என்ற இரண்டு உள்ளமைப்புகளையும் பாதிப் பாதியாகக் கொண்டுவருகிறார்கள். வெல்டுக்கு அந்த அவகாசம் இல்லை, வேகமாக ஆறிவிடும், ஃபெரைட் கூடிவிடும். அதைச் சரிக்கட்டத்தான் கூடுதல் நிக்கல்.

மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிய எரிவாயு வைக்கும் எல்.என்.ஜி. தொட்டிகளுக்கு 9 சதவீத நிக்கல் ஸ்டீல். அதை நிக்கலே பிரதானமாக உள்ள ராடால் ஒட்டுகிறார்கள். தகட்டைவிட வெல்டின் வலிமை குறைவு என்று தெரிந்தேதான், அந்தக் குளிரிலும் வெல்டு உடையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. எனக்கு இது முதலில் நம்பவே கஷ்டமாக இருந்தது.

சரி, ஜா பிளேட்டுக்கு வருகிறேன். காந்தம் ஒட்டாவிட்டால் உடனே ஸ்டெயின்லெஸ் என்று நினைக்காதீர்கள், கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். மாங்கனீஸ் ஸ்டீலில் வெள்ளையாகப் பொறி பூத்துச் சிதறும், ஸ்டெயின்லெஸில் பொறி குறைவு. மாங்கனீஸ் என்று தெரிந்துவிட்டால் ப்ரீஹீட், அதாவது முன்கூட்டிச் சூடேற்றுவது, வேண்டாம். மாங்கனீஸ்-குரோமியம் ராடு அல்லது 307 வகை ஸ்டெயின்லெஸ் ராடு எடுங்கள். சின்னச் சின்னதாக ஓட்டுங்கள், ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் சூடு இருக்கும்போதே சுத்தியலால் தட்டிக்கொடுங்கள், பீடுக்குப் பக்கத்தில் 260 டிகிரி தாண்டவிடாதீர்கள். அந்தக் கிரஷர்க்காரர் இரண்டாவது பிளேட் கொண்டுவந்தபோது, எண்ணெய் டிரம் ஒன்றைப் படுக்கப்போட்டு நெடுக்காக வெட்டித் தண்ணீர் நிரப்பி, கிராக் மட்டும் மேலே தெரிகிற மாதிரி பிளேட்டை அதில் நிறுத்தி வைத்துத்தான் ஓட்டினேன். முழு நாள் பிடித்தது. சாயங்காலம் அவர் முன்னாலேயே சம்மட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றினோம்.

நன்றி, வணக்கம்.