சீமெந்துத் தண்ணீர் கல்லை என்ன செய்யும்?

வணக்கம் நேயர்களே. வீட்டில் புதிதாகச் சீமெந்துத் தொட்டி கட்டினால் முதலில் நிரப்பும் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. இரண்டு மூன்று தரம் நிரப்பித் திறந்து விடுவோம். அந்தத் தண்ணீரில் கையை விட்டால் வழுவழுக்கும். ஓர் இரவு கிடந்தால் மேலே மெல்லிய வெள்ளை ஆடை கட்டும். சீமெந்திலிருந்து கரைந்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்துக் கட்டிய ஆடை அது.

இதே தண்ணீர் நிலத்தின் அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கசிந்தால்? அணுக்கழிவைப் புதைக்கத் திட்டமிடும் நாடுகளுக்கு இது பெரிய கேள்வி. பயப்பட வேண்டாம், இலங்கையில் அணுமின் நிலையமே இல்லை. ஆனால் அந்த நாடுகள் சில தேர்ந்தெடுத்திருக்கும் கல், நம் காலடியில் கிடக்கும் கல்லுக்கு உறவுதான். வவுனியாப் பக்கம் கிணறு வெட்டியவர்களைக் கேளுங்கள். கருங்கல் தட்டுப்பட்ட பிறகு தண்ணீர் வருவது கல்லின் வெடிப்பிலிருந்துதான். புவியியலாளர்கள் இந்தப் பாறைகளுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கழிவைப் புதைக்கும் சுரங்கத்தில் சீமெந்தை வேண்டுமென்றேதான் போடுகிறார்கள். சீமெந்து நீர் காரமானது. காரத்தில் இரும்பு மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். யுரேனியம், புளூட்டோனியம் போன்றவை அவ்வளவாகக் கரையாது. ஆனால் புதுச் சீமெந்தின் நுண்துளைகளில் சோடியம், பொற்றாசியம் ஐதரொட்சைட்டு நிறைந்த நீர் இருக்கிறது. காரத்தின் அளவைக் காட்டும் அதன் பிஎச் எண் 13 வரை போகும். அவை கழுவுண்டு போன பிறகும் சுண்ணாம்பு அதை 12.5 அளவில் நெடுங்காலம் தாங்கிப் பிடிக்கும்.

நல்ல தண்ணீரில் ஏறக்குறையக் கரையாத, கருங்கல்லின் கனிமங்களான குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும் இந்தக் காரத்தில் கரையத் தொடங்கும். கரைந்த சிலிக்கா சீமெந்து நீரின் கல்சியத்தைச் சந்தித்ததும் பசைபோன்ற புதுக்கனிமமாகப் படியும். அதாவது, வெடிப்புக்குள் கல்லே சீமெந்தாகிவிடுகிறது. சுவிற்சர்லாந்தின் கிறிம்செல் ஆய்வுச் சுரங்கத்தில், கருங்கல் வெடிப்பொன்றுக்குள் இப்படிக் காரநீரைச் செலுத்திப் பார்த்தார்கள். போகப் போக நீரோட்டம் குறைந்தது.

சரி, அடைபட்டால் நல்லதுதானே என்பீர்கள். முழுக்கச் சரியில்லை. வெடிப்பில் ஓடும் கதிரியக்க அணுக்களில் ஒரு பகுதி பக்கத்துக் கல்லின் நுண்துளைகளுக்குள் ஊறித் தங்கிவிடும். அதுவே பெரிய தடுப்பு. புதுப்படிவு வெடிப்பின் சுவரைப் பூசிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். மிச்சமிருக்கும் சின்னச் சந்தால் போகும் தண்ணீர் தடுப்பின்றிப் போகும். நான் கவலைப்படுவது இதற்குத்தான்.

அப்புறம் காலம். பிரித்தானியாவில் எரிமலைப் பாறைத் துண்டுகளைக் காரநீரில் இட்டு, 70 பாகை செல்சியஸில் 15 ஆண்டுகள் வைத்திருந்தார்கள். ஓராண்டு கடந்து பார்த்தபோது இருந்த பசைக்கனிமம் 15 ஆண்டு முடிவில் பெரும்பாலும் வேறு கனிமங்களாக மாறியிருந்தது. குறுகிய பரிசோதனையை வைத்து நீண்ட காலத்துக்குக் கணக்குப் போடுவது ஆபத்து என்பது இதனால்தான். எனக்கு அதைவிட நம்பிக்கையான சாட்சி யோர்தானின் வட பகுதியில் உள்ள மக்காரின். அங்கே நிலக்கீல் ஊறிய சுண்ணாம்பு மண்பாறை தானாகவே எரிந்து இயற்கைச் சீமெந்தானது. இன்றும் அங்கே பிஎச் 12.5ஐத் தொடும் ஊற்று நீர் கசிகிறது. அந்நீர் ஓடிய வெடிப்புகள் பல அடைபட்டுக் கிடக்கின்றன. மனிதர் யாரும் தொடங்கி வைக்காத பரிசோதனை அது.

பின்லாந்துக்காரர் இன்னொரு வழி பார்த்தார்கள். ஒன்கலோ சுரங்கத்தில், ஏறத்தாழ 430 மீற்றர் ஆழத்தில், கழிவு வைத்த செப்புக் கலங்களைச் சுற்றிப் பெந்தனைட்டுக் களி வருகிறது. கடுங்காரம் பட்டால் அந்தக் களி, நீர் பட்டதும் வீங்கி இடைவெளியை அடைக்கும் தன்மையை இழக்கும். அதனால் சுரங்கத்தின் அந்தப் பகுதிகளுக்கு சிலிக்காத் தூள் கலந்து, கசியும் நீரின் பிஎச் 11க்கு மேல் போகாத சீமெந்தை உருவாக்கினார்கள். சிலிக்கா, சீமெந்திலுள்ள சுண்ணாம்பை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. கல்லைத் தேடிப் போக அதிகம் மிஞ்சாது.