ரிவிட் அடித்த கைகள்

வணக்கம் நேயர்களே. சேலத்துக்காரனுக்குக் கப்பலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பீர்கள். நமக்கெல்லாம் மேட்டூர்ப் பரிசல்தான் கப்பல். ஆனால் நான் 19 வயதில் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையிலிருந்து ஒரு துறைமுகத்துக்கு வெல்டராகப் போனவன்.

அடுப்படியில் இருப்பவர்கள் இரும்பு வாணலியின் காதைத் தடவிப் பாருங்கள். உருண்டையாக ஒரு தலை தட்டுப்படும். அதுதான் ரிவிட். (பேச்சில் ஒருவருக்கு 'ரிவிட் அடிப்பது' வேறு கதை!) வெல்டிங் பரவும்வரை இரும்புக் கப்பலும் அந்த வாணலி மாதிரிதான். 1911-இல் பெல்பாஸ்டில் தண்ணீரில் இறங்கிய டைட்டானிக்கில் மட்டும் சுமார் 30 லட்சம் ரிவிட்.

எங்கள் மேஸ்திரி சிறுவயதில் ரிவிட் பிடித்தவர். ஒரு பையன் உலையில் ரிவிட்டைக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்து வீசுவான். இவர் மண்ணெண்ணெய் டின்னை வெட்டிய குவளையில் அதைப் பிடித்து ஓட்டையில் செருக வேண்டும். ஒருநாள் குறி தப்பிச் சட்டைக்குள் விழுந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்குத் தழும்பு. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதலில் பொத்தானைக் கழற்றி அதைக் காட்டுவார்.

செருகியதும் உள்ளே ஒருவர் கனத்த இரும்பால் முட்டுக்கொடுப்பார். வெளியே இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டி போடுவார்கள். ஒருவர் வலக்கை, இன்னொருவர் இடக்கை. நம் ஊரில் ஒரட்டாங்கை என்று திட்டு வாங்கும் பிள்ளைக்கு அங்கே தனி மவுசு! ஆக, ஒரு ரிவிட்டுக்கு ஐந்து பேர். மறுபடியும் சொல்கிறேன், ஐந்து பேர். கூலி பெரும்பாலும் குழுவாக அடித்த எண்ணிக்கைக்குத்தான். மழை பெய்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

இதில் பெரிய வித்தை அந்த உலைப் பையனுடையது. நிறம் பார்க்கத் தெரிய வேண்டும். சூடு குறைந்தால் தலை படியாது. மத்தாப்பூ மாதிரிப் பொறி விட்டால் இரும்பு கருகிவிட்டது, வீசி எறிய வேண்டியதுதான். பதமாக அடித்த ரிவிட் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இரண்டு தகட்டையும் இறுக்கி இழுத்துக்கொள்ளும். தண்ணீர் புகாமல் இருக்க, அப்புறம் ஒருவர் தகட்டு ஓரத்தை உளியால் அடித்து நெருக்குவார். மரக்கப்பல் காலத்தில் நார் திணித்துப் பூசிய கலப்பற்று வேலைக்கு இது தம்பி.

நாள் முழுக்க இரும்புக் கூட்டுக்குள் சம்மட்டிச் சத்தம். மேஸ்திரிக்கு நாற்பதிலேயே காது போய்விட்டது. சாப்பாட்டுச் சங்கு ஊதினாலும் மற்றவர்கள் எழுவதைப் பார்த்துத்தான் எழுவார்.

உலர் துறையைப் பற்றியும் நிறைய எழுதி வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாக: கப்பலை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை இறைத்துவிடுவார்கள். கப்பல் கட்டைகள்மேல் உட்காரும். அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் ஆட்கள் சேற்றில் நின்று சுரண்டுவார்கள். அந்த நாற்றம் இருக்கிறதே... சரி, விரல் ஒன்றாகிவிட்டது. வணக்கம்.