இறைக்கிற கிணறு ஊறும்

(சென்னை நங்கநல்லூர்க் குடியிருப்போர் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களே, காசு வாங்காமல் மைக் செட் போட்டுக்கொடுத்த தம்பியே, முன்வரிசையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் மாமிகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தியவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. போன வருஷத்துப் பொன்னாடை பத்திரமாக இருக்கிறது, தையல் மிஷின்மேல் விரித்திருக்கிறோம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் செயலாளரைக் கோபித்துக்கொள்ளுங்கள். சீட்டு அவர் எழுதியது.

'நங்கநல்லூர், அன்றும் இன்றும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மனை, மரம், தண்ணீர் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன். எங்கே சுற்றினாலும் கடைசியில் நான் 'இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்' என்றுதான் வந்து நிற்பேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் மனை. அன்று ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடியில் ஒரு வீடு. முன்னால் வராந்தா, பின்னால் துவைக்கிற கல், நாலு வாழை, கிணறு. 2011இல் நம் ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2016 செப்டம்பரில் மெட்ரோ ரயில் வந்தது. 2019 கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5இலிருந்து 2 ஆனது. 3,600 சதுர அடி கட்டிய மனையில் 4,800 கட்டலாம் என்றாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில், அப்பா அம்மாவுக்கு முட்டிவலி, சுவரெல்லாம் ஓதம். அந்த நேரம் பார்த்து பில்டர் வருகிறார். "நீங்க ஒண்ணும் போட வேண்டாம் சார். பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. லிஃப்ட் உண்டு. முடியுற வரைக்கும் வாடகை நான் தர்றேன்." யார் வேண்டாம் என்பார்கள்? நானே அப்படி எழுந்த கட்டடத்தில் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறேன். அதனால் இடிப்பதே பாவம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தக் கிணறு?

எங்கள் தெருவுக்கே ஒரு பாதாளக்கரண்டிதான் இருந்தது. பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்கிறேன். கிணற்றில் விழுந்த பாத்திரத்தைத் துழாவி எடுக்கும் இரும்புக் கொக்கிக் கொத்து அது. கடைசி வீட்டுப் பாட்டியிடம் இருந்தது. சும்மா தர மாட்டார், ஈடாக ஒரு பாத்திரம் வைக்க வேண்டும். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் பித்தளைக் குடம் கயிறு அறுந்து உள்ளே போய்விட்டது. ஓடினேன். "எவர்சில்வர் ஆகாது, பித்தளை கொண்டா" என்றார். கொடுத்துவிட்டு வந்து கரண்டியை இறக்கினால், முதலில் ஒரு சாவிக்கொத்து. அப்புறம் வாளியின் பிடி, வாளி இல்லை. மூன்றாவதாகப் பாசி பிடித்த ஒரு சொம்பு. தேய்த்துப் பார்த்தால் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கிறது! பத்து வருஷமாக அந்தச் சொம்புக்காகத் தன் நாத்தனாரோடு பேசாமல் இருந்தவர். அவர் வீட்டுக் கிணறு வற்றிய கோடையில் எங்கள் வீட்டில்தான் இறைத்தார், அப்போது விழுந்திருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாத்தனாருக்கு ஒரு கார்டு போட்டுடு" என்றார். "உன் குடம் வந்துதா?" வரவில்லை பாட்டி.

வந்தது, வீடு இடிக்கும்போது. மூடுவதற்காகத் தண்ணீரை இறைத்துப்போட்டார்கள், அடியில் குடம் கவிழ்ந்து கிடந்தது. "மூடிட்டா இன்னொரு கார் நிறுத்தலாம் சார்" என்றார் மேஸ்திரி. குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடியாது என்றேன். இன்று எங்கள் கார்களுக்கு நடுவில், இரும்புக் கிராதி போட்டு, அந்தக் கிணறு இருக்கிறது. மொட்டைமாடிக் குழாய் நேராக அதில் விழுகிறது. பக்கத்து மனையில் இடித்த வீட்டின் செங்கல்லையே அதன் கிணற்றில் கொட்டி நிரவினார்கள். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நமக்குக் குடிநீர் தரும் நாலு ஏரிகளும் வறண்டபோது அவர்கள் லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். எங்களுக்குக் குளிக்க, துவைக்கக் கிணறு கொடுத்தது. இறைக்கிற கிணறு ஊறும்!

கணக்கும் சொல்லிவிடுகிறேன், பொறியாளர் ஐயா சரிபார்க்கட்டும். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஒரு கிரவுண்டில் விழுவது ஏறக்குறைய 3 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் 25 லாரி. பாதியைப் பிடித்தால் போதாதா? மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் பல கட்டடங்களில் அது வரைபடத்தில் மட்டும் இருக்கிறது, அல்லது மூலையில் மண் மூடிய ஒரு குழியாக. பழைய கிணறு முப்பது அடி ஆழத்துக்கு ஏற்கெனவே தோண்டிக் கொடுத்த சொத்து, அதை ஏன் காசு கொடுத்து மூட வேண்டும்? கிணறு கெட்டுப்போனது செப்டிக் டேங்கால் என்பார்கள். சரி, அதற்குத்தானே நகராட்சிக் காலத்திலேயே வீட்டுக்கு 5,000 ரூபாய் நாமே கட்டிப் பாதாளச் சாக்கடை கொண்டுவந்தோம்? இறைக்காமல் விட்டால் நாறத்தான் செய்யும்.

மரத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்தது என்று துண்டுச்சீட்டு வந்துவிட்டது. வேப்பமரத்தைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

தீர்மானம் இதுதான். பில்டரோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: 'மனையிலுள்ள கிணறு மூடப்படாது, மொட்டைமாடி மழைநீர் அதில் விடப்படும்.' கையெழுத்துக்கு முன் சேர்க்க வேண்டும், அப்புறம் கேட்டால் சிரிப்பார்கள். மாமன்ற உறுப்பினர் அவர்கள் நம் வார்டில் மிச்சமிருக்கும் கிணறுகளை எண்ணித் தர வேண்டும். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு நான் கூடவே வருகிறேன். பாட்டியின் பாதாளக்கரண்டி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தூர் வாருகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம். ஈடு வைக்க வேண்டும், எவர்சில்வர் ஆகாது.